யார் அந்த ஆள்?

2012 பிப்ரவரி, மதுரை. குடித்துவிட்டு வீட்டுக்கு வந்த ஒருவர், பெற்ற மகளிடமே முறைகேடாக நடக்கப் பார்த்தார். ஓடிவந்த தாயின் கையில் அகப்பட்டது ஒரு கிரிக்கெட் மட்டை. அடித்தார். கணவர் இறந்துபோனார்.

கொலை நடந்த வீட்டுக்குப் போலீஸ் வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும். கொலைக்கான 302-வது பிரிவில் எஃப்.ஐ.ஆர்., கைது, மாஜிஸ்திரேட் முன்னால் ஆஜர், ரிமாண்டு, மகளிர் சிறை. அன்றைக்கு அது நடக்கவில்லை. மாவட்ட எஸ்.பி.யாக இருந்த அஸ்ரா கார்க், இந்திய தண்டனைச் சட்டத்தின் 100-வது பிரிவைக் கையில் எடுத்தார். அந்தப் பெண் விடுவிக்கப்பட்டார்.

இதற்கென்று யாரும் புதிதாகச் சட்டம் போடவில்லை. தன் உடம்பை மட்டுமின்றிப் பிறர் உடம்பைக் காக்கவும் ஒருவருக்கு உரிமை உண்டு என்றது 97-வது பிரிவு. பாலியல் வன்முறை நோக்கத்தோடு ஒருவர் பாயும்போது, தற்காப்பு உரிமை எதிராளியின் உயிர் போகும் அளவுக்கும் செல்லும் என்றது 100. 1860-ல் எழுதிய பிரிவு. எல்லா ஸ்டேஷன் அலமாரியிலும் இருந்த புத்தகம்தான். எடுத்துப் பிரிக்கத்தான் ஆள் கிடைத்ததில்லை.

‘விடுதலை செய்ய எஸ்.பி. யார், அது கோர்ட் வேலை இல்லையா?’ என்று கேட்கலாம். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. விதிவிலக்குக்குள் வருகிறேன் என்று நிரூபிக்கும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான் என்றது சாட்சியச் சட்டத்தின் 105-வது பிரிவு. நிரூபிக்க வேண்டிய இடம் நீதிமன்றம். ஆனால், அப்படி நிரூபிப்பது என்றால் என்ன? அந்தத் தாய் முதலில் சிறைக்குப் போக வேண்டும். ஜாமீனுக்கு ஆள் பிடிக்க வேண்டும். பிள்ளைகள் யார் வீட்டிலாவது ஒண்டிக்கொள்ள வேண்டும். சில வருஷம் கழித்து, ‘நீ செய்தது தப்பில்லை’ என்று தீர்ப்பு வரும். ஆதாரம் போதவில்லை என்றால் விசாரணை அதிகாரியே ஆளை விடுவிக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 169-வது பிரிவில் வழி இருந்தது. வழி இருந்தும் பெரும்பாலான அதிகாரிகள் அந்தப் பக்கம் போவதில்லை. கைது செய்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். விட்டுவிட்டால்தான் விளக்கம் எழுத வேண்டும்.

ஒன்பது வருஷம் கழித்து, 2021 ஜனவரியில், திருவள்ளூர் மாவட்டம் சோழவரம் பக்கம் இன்னொரு சம்பவம். உறவுக்கார இளைஞர் ஒருவர் 19 வயதுப் பெண்ணைக் கத்தியைக் காட்டி மிரட்டினார். அவரைத் தள்ளிவிட்ட பெண், அதே கத்தியைப் பிடுங்கிக் குத்தினார். இளைஞர் இறந்தார். பெண் போலீஸில் சரணடைந்தார். அங்கேயும் எஸ்.பி. அரவிந்தன் 100-வது பிரிவைப் பயன்படுத்தி அவரை விடுவித்தார்.

இரண்டும் பெரிய செய்தியானதற்குக் காரணமே, இப்படி அடிக்கடி நடப்பதில்லை என்பதுதான்.

வழக்கமான தடம் வேறு. கணவர் வீட்டில் இறந்து கிடக்கிறார், மனைவி மீது சந்தேகம் விழுகிறது என்றால் போலீஸ் முதலில் வாங்குவது அவருடைய செல்போனை. அடுத்தது சி.டி.ஆர்.: எந்த எண்ணுக்கு எத்தனை தடவை, எத்தனை நிமிஷம், ராத்திரி எத்தனை மணிக்கு. அதில் ஓர் ஆண் பெயர் தட்டுப்பட்டால் மாலைப் பேப்பருக்குத் தலைப்பு தயார். ‘யார் அந்த ஆள்?’ என்பதுதான் எடுத்த எடுப்பில் வரும் கேள்வி. ‘உன்னை அடிப்பாரா, எத்தனை வருஷமா?’ என்பது கடைசியில் வரும், வந்தால்.

முதல் கேள்வியை அபத்தம் என்று ஒதுக்கவும் முடியாது. குன்றத்தூர் வழக்கில் விடை அதில்தான் இருந்தது. 2018 செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளைக் கொன்றுவிட்டுக் கிளம்பினார். பிரியாணிக் கடையில் வேலை பார்த்த ஒருவருடன் சேர்ந்து வாழ்வதற்காக என்பது வழக்கு. ஓரிரு நாளில் நாகர்கோவிலில் பிடிபட்டார். 2025 ஜூலையில் காஞ்சிபுரம் மகளிர் நீதிமன்றம் இருவருக்கும் சாகும்வரை சிறைத் தண்டனை விதித்தது. விசாரணை சரியான தடத்தில்தான் போனது. ஆனால் அந்த ஏழு வருஷமும் ஊர் பேசியது எதை? அந்தத் தாய் செல்போன் செயலியில் வெளியிட்டிருந்த நடிப்பு வீடியோக்களை. கொலைக்கான ஆதாரம் போலவே அவற்றை ஃபார்வர்டு செய்தார்கள். பாட்டுக்கு வாயசைத்ததற்கும் குழந்தைகள் இறந்ததற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

நூற்றுக்கு நாலு

குற்றம் செய்யும் பெண்கள் பெருகிவிட்டார்கள் என்ற பேச்சு டீக்கடையில் தொடங்கி டி.வி. விவாதம் வரை ஓடுகிறது. எண்கள் அந்தப் பரபரப்புக்கு ஈடு கொடுப்பதில்லை. கொலைச் சந்தேகத்தில் சிக்குபவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் ஆண்கள் என்று ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம் 2019-ல் வெளியிட்ட உலக ஆய்வு சொன்னது. இந்தியச் சிறைகளில் 2022 இறுதியில் இருந்த 5,73,220 பேரில் பெண்கள் 23,772. நூற்றுக்கு நாலு பேர்.

அதே ஐ.நா. ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2017-ல் உலகம் முழுக்கக் கொல்லப்பட்ட பெண்கள் சுமார் 87,000. அவர்களில் 50,000 பேரைக் கொன்றவர்கள் கணவன், காதலன் அல்லது குடும்பத்தினர். பெண் சாகும் இடம் வீடு. பெண் கொல்லும் இடமும் பெரும்பாலும் அதே வீடுதான். நடுத்தெருவில் அரிவாளோடு துரத்துவது, சாராயக் கடைத் தகராறில் பாட்டிலை உடைப்பது, முன்பகையில் கூலிப்படை வைப்பது என்று ஆண்களின் கொலைக்கு ஊர் முழுக்க இடம் உண்டு. பெண் கை வைத்த கொலையில் இறந்தவர் யார் என்று பார்த்தால், அநேகமாக ரேஷன் கார்டிலேயே பெயர் இருக்கும்.

வீட்டுக்குள் என்னதான் நடக்கிறது? 2019-21-ல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், திருமணமான இந்தியப் பெண்களில் 29 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். படிப்பிலும் வேலையிலும் முன்னால் நிற்கும் தமிழ்நாட்டில் அது 38 சதவீதம். இவர்களில் பெரும்பாலானோர் திருப்பி அடிப்பதில்லை. அடித்திருந்தால் சிறைகள் இடம் கொள்ளாது. கேட்க வேண்டிய கேள்வி உண்மையில் இதுதான்: இத்தனை பேர் பொறுத்துக்கொண்டிருக்கும்போது, ஒருத்தியை மட்டும் அந்த எல்லைக்குத் தள்ளுவது எது?

குற்றவியலாளர்கள் பல காரணம் சொல்வார்கள். குழந்தைப் பருவத்தில் பட்ட அடி, மனநோய், குடி, கடன், மிரட்டல். இந்திய வழக்குகளைப் படிக்கும்போது திரும்பத் திரும்பத் தென்படுவது வேறொன்று. கொலைக்கு முன்னால் அந்தப் பெண் எங்கேயாவது போய்ச் சொல்லியிருக்கிறார். தாய் வீட்டில் சொல்லியிருக்கிறார், ஊர்ப் பெரியவரிடம் சொல்லியிருக்கிறார், போலீஸிடமும் சொல்லியிருக்கிறார்.

எழுதி வாங்கி அனுப்பு

தமிழ்நாடு காவல் துறையில் பெண்கள் சேர்ந்தது 1973-ல். அதே ஆண்டில் கேரளத்தின் கோழிக்கோட்டில் பெண்கள் மட்டும் பணியாற்றும் காவல் நிலையம் திறக்கப்பட்டது. இங்கே 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் வந்தது. பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. ஆண் போலீஸிடம் வாய் திறக்கக் கூசும் பெண்களுக்கு அது பெரிய ஆறுதல். மறுக்க முடியாது.

ஆனால் அந்த ஸ்டேஷன்களில் காலை பத்து மணிக்குப் போய் நின்றால் காட்சி எப்படி இருக்கும்? வாசல் பெஞ்சில் ஒரு பக்கம் பெண் வீட்டார், இன்னொரு பக்கம் மாப்பிள்ளை வீட்டார். உள்ளே ரைட்டர் மேஜையில் மனு. எஃப்.ஐ.ஆர். போடுவது கிடையாது; புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கிழித்துக் கொடுப்பார்கள். இரண்டு தரப்பையும் கூப்பிட்டு இன்ஸ்பெக்டர் கணவரை நாலு வார்த்தை திட்டுவார். மனைவியை இரண்டு வார்த்தை. “இனிமே கை நீட்டினா உள்ள தள்ளிடுவேன். நீயும் கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா.” ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்குவார்கள். இருவரும் ஒரே பைக்கில் வீட்டுக்குப் போவார்கள்.

இதற்குச் சட்டத்தின் ஒப்புதலும் கொஞ்சம் உண்டு. 2013-ல் லலிதா குமாரி வழக்கில் எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம், குடும்பத் தகராறு போன்ற சில வகைகளில் முதலில் பூர்வாங்க விசாரணை செய்யலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்தது. 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு அலுவலர், வீட்டில் தங்கும் உரிமை, பாதுகாப்பு ஆணை எல்லாம் இருக்கின்றன. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் அவற்றை யாராவது எடுத்துச் சொல்கிறார்களா என்பதுதான் சந்தேகம். பல வீடுகளில் சமாதானம் பலிக்கவும் செய்கிறது. பலிக்காத வீட்டில் அந்த வெள்ளைத்தாளுக்குக் கணவர் படித்துக்கொள்ளும் பொருள் ஒன்றுதான்: இவள் எங்கே போனாலும் திரும்பி இங்கேதான் வருவாள்.

போலீஸ் காது கொடுக்காவிட்டால் எதுவரை போகும் என்பதற்கு நாக்பூரைவிடப் பெரிய சாட்சி இல்லை. அங்கே கஸ்தூர்பா நகர் என்ற குடிசைப் பகுதியை அக்கு யாதவ் என்ற ரவுடி பல வருஷம் ஆட்டிப்படைத்தான். மாமூல், வீடு புகுந்து அடி, பாலியல் வன்முறை. புகார் கொடுத்தால் போலீஸே அவனுக்குத் தகவல் சொல்லிவிடும் என்றார்கள் அந்த மக்கள். 2004 ஆகஸ்ட் 13 அன்று அவனை நாக்பூர் நீதிமன்றத்துக்கு அழைத்து வந்தபோது, சுமார் 200 பெண்கள் உள்ளே புகுந்தார்கள். கையில் மிளகாய்ப் பொடி, காய்கறி நறுக்கும் கத்தி. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. சில பெண்களைப் போலீஸ் கைது செய்தபோது, ‘எங்கள் எல்லோரையும் கைது செய்யுங்கள்’ என்று மொத்தக் குடியிருப்பும் வந்து நின்றது. பத்து வருஷம் வழக்கு நடந்து, 2014-ல் ஆதாரம் இல்லை என்று எஞ்சியிருந்த எல்லோரும் விடுதலை ஆனார்கள். நீதிமன்றத்துக்குள்ளேயே நடந்த கொலைக்கு ஆதாரம் இல்லை!

மெல்ல ஏறும் கோபம்

நம் ஊரில் நல்லதங்காள் கதை தெரியாதவர் குறைவு. பஞ்சத்தில் பிறந்த வீடு தேடி வந்து, அண்ணியால் அவமானப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் குதித்தவள். வத்திராயிருப்பு அருகே அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. சட்டப்படி பார்த்தால் ஏழு கொலை. ஊர் அவளைக் கும்பிடுகிறது.

1989-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு சுயம்புக்கனி என்ற பெண்ணின் வழக்கு வந்தது. கணவரின் கொடுமை தாங்காமல் குழந்தைகளோடு கிணற்றில் குதித்தவர். குழந்தைகள் இறந்தன; இவர் பிழைத்தார். பிழைத்தவர் மீது கொலை வழக்கு. உயர் நீதிமன்றம் இதற்கு நல்லதங்காளின் பெயரையே வைத்துப் பேசியது. ‘நல்லதங்காள் சிண்ட்ரோம்’ என்ற சொல் இந்தியச் சட்ட உலகத்துக்குள் நுழைந்தது அப்படித்தான்.

இதில் உள்ள சட்டச் சிக்கல் எளியது. கொலையைக் கொலைக் குற்றம் ஆகாத மரணமாகக் குறைக்க, 300-வது பிரிவின் முதல் விதிவிலக்கு ஒரு வழி காட்டியது: கடுமையான, திடீரென்ற ஆத்திரமூட்டல். மனைவியை இன்னொருவரோடு பார்த்த கணவன் அந்த நொடியில் அரிவாளை எடுத்தால் அவனுக்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. பத்து வருஷம் அடி வாங்கிய மனைவி, கணவன் முழித்திருக்கும்போது எதிர்த்தால் செத்துப்போவாள் என்று தெரிந்து, அவன் தூங்கும்வரை காத்திருந்தால்? அது திட்டமிட்ட கொலை. ஐம்பது கிலோ உடம்பு எண்பது கிலோ உடம்பை எதிர்த்து ‘திடீர்’ ஆத்திரத்தில் ஜெயிக்க முடியாது என்ற சாதாரண உண்மை, இந்தப் பிரிவை எழுதிய ஆண்களுக்குத் தோன்றவில்லை. தொடர்ந்து நடக்கும் கொடுமையால் உள்ளுக்குள் சேர்ந்த கோபத்தையும் ஆத்திரமூட்டலாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கில் சொன்னது. கொலைக் குற்றம் குறைந்த குற்றமாக மாறியது.

அதே 1989 மே மாதம் இங்கிலாந்தில் இன்னொரு பெண். பஞ்சாபில் பிறந்து, மணமாகிப் போன கிரண்ஜித் அலுவாலியா. பத்து வருஷம் அடி, சூடு, மிரட்டல். ஓர் இரவு தூங்கிக்கொண்டிருந்த கணவர் மீது பெட்ரோல் ஊற்றித் தீ வைத்தார். கொலைக் குற்றம், ஆயுள் தண்டனை. ‘சவுத்ஹால் பிளாக் சிஸ்டர்ஸ்’ என்ற பெண்கள் அமைப்பு அவருக்காகத் தெருவில் இறங்கியது. 1992-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. மறுவிசாரணையில் மன அழுத்தத்தைக் கணக்கில் எடுத்துக் குறைந்த குற்றமாகக் கொண்டு, அனுபவித்த மூன்றேகால் வருஷச் சொச்சமே போதும் என்று விடுவித்தார்கள். ஐஸ்வர்யா ராய் நடித்து 2006-ல் வந்த ‘புரோவோக்டு’ படம் இவர் கதைதான். 2009-ல் இங்கிலாந்து சட்டத்தையே மாற்றியது. தன்னிலை இழப்பது திடீரென்று நடந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று எழுதி வைத்தது.

குவாஹாட்டி உயர் நீதிமன்றம் 2013-ல் மஞ்சு லக்ரா வழக்கில் ஏறக்குறைய இதே பாதையில் நடந்தது. குடித்துவிட்டு அடிக்கும் கணவர். அவர் கையில் இருந்த கட்டையைப் பிடுங்கித் திருப்பி அடித்த மனைவி. அமெரிக்க உளவியலாளர் லெனோர் வாக்கர் 1979-ல் பேசத் தொடங்கிய, அடிபடும் மனைவியின் மனநிலை பற்றிய ஆய்வுகளை அந்தத் தீர்ப்பு அலசியது. கொலைக் குற்றம் குறைந்தது.

பெற்ற குழந்தையைக் கொல்லும் தாய் பற்றியும் இங்கிலாந்தில் 1922-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பிரசவத்தால் மனம் பேதலித்த தாய்க்குக் கொலைத் தண்டனை கூடாது என்பது அதன் சாரம். இந்தியாவில் அப்படி ஒன்று இல்லை. உசிலம்பட்டியின் பெண் சிசுக் கொலைகள் எண்பதுகளில் பத்திரிகைகளில் வெளிவந்தபோது, எருக்கம்பாலையும் நெல்மணியையும் பற்றி நாடே பேசியது. பால் கொடுத்த கை பெரும்பாலும் மாமியாருடையது, முடிவெடுத்தது வீடு. 1992-ல் சேலத்தில் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. இன்னொரு பக்கம் போலீஸ் வழக்குப் போட்டது, சில தாய்மார்கள் சிறைக்கும் போனார்கள். தொட்டில் காப்பாற்றிய அளவுக்கு எஃப்.ஐ.ஆர். எந்தக் குழந்தையையும் காப்பாற்றியதாகத் தெரியவில்லை.

தீர்த்தமும் கஷாயமும்

இதுவரை படித்துவிட்டு, கொலை செய்த பெண்கள் எல்லோரும் பாவப்பட்டவர்கள் என்று முடிவுகட்டினால் கெம்பம்மா கோபித்துக்கொள்வார். பெங்களூரு பக்கத்துக்காரர். சீட்டு நடத்தி நஷ்டப்பட்டவர். கோயில்களில் மனக்கவலையோடு வரும் பெண்களாகப் பார்த்துப் பேச்சுக் கொடுப்பார். பரிகார பூஜை செய்யலாம், இருக்கிற நகையெல்லாம் போட்டுக்கொண்டு வா என்பார். வெளியூர்க் கோயில் சத்திரத்தில் அறை எடுத்து, கண்ணை மூடச் சொல்லி, சயனைடு கலந்த தீர்த்தத்தைக் கொடுப்பார். ஆறு பெண்கள் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் 2007-ன் கடைசி சில மாதங்களில். ‘சயனைடு மல்லிகா’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்த இவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு ஆயுளாகக் குறைந்தது. இங்கே அடித்த கணவனும் இல்லை, காதலனும் இல்லை. நகை ஆசை, அவ்வளவுதான். மகாராஷ்டிரத்தில் தொண்ணூறுகளில் குழந்தைகளைக் கடத்தித் திருட்டுக்குப் பயன்படுத்தி, பாரமானதும் கொன்ற ரேணுகா ஷிண்டே, சீமா காவித் சகோதரிகளும் இந்த வகைதான். கருணை மனுவில் ஏற்பட்ட தாமதத்தால் 2022-ல் தூக்குத் தண்டனையிலிருந்து தப்பினார்கள்.

இப்படிப்பட்டவர்களிடம் போலீஸ் தடுமாறுவதற்குக் காரணம், அந்த நாலு சதவீதக் கணக்கின் மறுபக்கம். பெண் கொலை செய்வாள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அதிலும் சமையல் செய்து போடுபவள். கோழிக்கோடு அருகே கூடத்தாயியில் ஒரே குடும்ப வட்டத்தில் 2002 முதல் 2016 வரை ஆறு பேர் இறந்தார்கள். அவற்றில் பிரேதப் பரிசோதனை நடந்தது ஒன்றுக்குத்தான், 2011-ல். அதில் சயனைடு கிடைத்தது. தற்கொலை என்று கோப்பை மூடிவிட்டார்கள். 2019-ல் எஸ்.பி. கே.ஜி. சைமன் தலைமையில் பழைய கோப்பைத் தூசி தட்டி, கல்லறைகளைத் தோண்டி, அக்டோபர் 5 அன்று அந்தக் குடும்பத்து மருமகளைக் கைது செய்தார்கள். வழக்கில் அவர் குற்றம் சாட்டப்பட்டவர். நீதிமன்றம்தான் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் 2011-ல் சயனைடு எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தால், அதற்குப் பின் நேர்ந்த மூன்று சாவுகளைப் பற்றி இவ்வளவு பேச வேண்டியிருக்காது.

குமரி மாவட்ட எல்லையில் நடந்த ஷாரோன் வழக்கிலும் இதே தயக்கம் தென்பட்டது. ராமவர்மன்சிறையைச் சேர்ந்த கிரீஷ்மா, வேறிடத்தில் கல்யாணம் நிச்சயமான பிறகு, விலக மறுத்த காதலன் ஷாரோனுக்கு 2022 அக்டோபர் 14 அன்று கஷாயம் கொடுத்தார். அதில் கலந்திருந்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. உறுப்பு உறுப்பாகச் செயலிழக்க வைக்கும் விஷம். குறிப்பான மாற்று மருந்து கிடையாது. இளைஞர் 11 நாள் போராடி இறந்தார். அவள் மீது சந்தேகம் இல்லை என்றே கடைசி வரை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். உள்ளூர் போலீஸ் மெத்தனமாக இருக்கிறது என்று குடும்பத்தார் புகார் சொன்ன பிறகே வழக்கு குற்றப் பிரிவுக்குப் போனது. பல மணி நேர விசாரணையில் கிரீஷ்மா ஒப்புக்கொண்டார்.

மறுநாள் நெடுமங்காடு காவல் நிலையத்தில் நடந்தது போலீஸாருக்குப் பாடம். கழிவறை போக வேண்டும் என்று கேட்ட கிரீஷ்மாவை, சோதித்து ஒதுக்கிவைத்த கழிவறைக்குக் கூட்டிப்போகாமல் வேறொன்றுக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இருந்த கிருமிநாசினியை அவர் குடித்துவிட்டார். பிழைத்தார். இரண்டு பெண் போலீஸார் சஸ்பெண்ட் ஆனார்கள். 2025 ஜனவரி 20 அன்று நெய்யாற்றின்கரை நீதிமன்றம் கிரீஷ்மாவுக்கு மரண தண்டனை விதித்தது.

சூரியன் மறைந்த பிறகு

பெண்ணைக் கைது செய்ய விதிகள் நிறைய. பொதுவாகப் பெண் போலீஸ் தவிர வேறு யாரும் அவரைத் தொடக் கூடாது. சோதனை போடுவதும் பெண்தான். விசாரணைக்கு ஸ்டேஷனுக்குக் கூப்பிடக் கூடாது, அவர் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். சூரியன் மறைந்து உதிக்கும் வரை கைது கூடாது. தவிர்க்க முடியாத நேரத்தில் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியோடு பெண் அதிகாரி செய்யலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இவை தொடர்கின்றன. ராத்திரி பதினோரு மணிக்குக் கொலை நடந்த கிராமத்தில், ரத்தக் கறையோடு நிற்கும் பெண்ணை விடியும் வரை என்ன செய்வது என்று எந்த எஸ்.ஐ.யைக் கேட்டாலும் சலித்துக்கொள்வார். 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைத் தொட்டது. இரவுக் கைது விதி வழிகாட்டல்தான், மீறினால் கைதே செல்லாது என்று ஆகிவிடாது, ஆனால் மீறிய அதிகாரி விளக்கம் சொல்ல வேண்டும் என்றது. எது தவிர்க்க முடியாத நேரம் என்று காவல் துறை வரையறுக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டது.

கைதுக்குப் பிறகு புழல், வேலூர், திருச்சி போன்ற மகளிர் சிறைகள். ஆறு வயது வரை குழந்தையைக் கூட வைத்துக்கொள்ளலாம். 2022 இறுதியில் நாடு முழுக்க 1,537 தாய்மார்கள் 1,764 குழந்தைகளோடு சிறையில் இருந்தார்கள். ஆண் கைதிக்கு மனு பார்க்க மனைவியும் அம்மாவும் சாப்பாட்டுப் பையோடு வருவார்கள். கணவனைக் கொன்ற பெண்ணுக்கு மனு பார்க்க வர யார் மிச்சம்? புகுந்த வீடு எதிர்த்தரப்பு. பிறந்த வீட்டுக்குத் தலைகுனிவு. ஜாமீன் கொடுப்பதில் பெண்ணுக்குச் சலுகை காட்டலாம் என்று சட்டத்தில் இருந்தும், கையெழுத்துப் போட இரண்டு பேர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் உண்டு.

2024 ஜூலை 1 அன்று தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. மதுரையிலும் சோழவரத்திலும் இரண்டு பெண்களை வீட்டுக்கு அனுப்பிய 100-வது பிரிவு இப்போது 38. கொலையை வரையறுக்கும் 300 இப்போது 101. 164 வருஷப் பழைய சட்டத்தைக் கழற்றி மாட்டியபோதும் ‘கடுமையான, திடீரென்ற’ ஆத்திரமூட்டல் அப்படியே தொடர்கிறது. மெல்ல ஏறும் கோபத்துக்கு இன்றும் பிரிவு கிடையாது, தீர்ப்புகள்தான் உண்டு. அவற்றைத் தேடி எடுத்து செஷன்ஸ் நீதிபதி முன்னால் வைக்க ஒரு வக்கீல் வேண்டும். கையில் காசில்லாத பெண்ணுக்கு அந்த வக்கீலைச் சட்டப் பணிகள் ஆணைக்குழு நியமிக்கும். கொலை நடந்த அன்றைக்கு ஸ்டேஷனில் அந்தப் பெண் சொன்னது எதுவும் எழுதப்படாமல் போயிருந்தால், முன்பு கொடுத்த புகாரின் சி.எஸ்.ஆர். ரசீதுதான் அந்த வக்கீலுக்கு மிஞ்சும் ஆவணம், அதை அந்தப் பெண் பத்திரப்படுத்தி வைத்திருந்தால்.